டெல்மர் அளந்த பதினாலு குதிரை

எங்கள் கோகோமோ ஊரில் ஒருவன் தன் காரைப் பற்றி அளந்துவிட்டால், "டெல்மர்கிட்ட கொண்டு போய்ச் சொல்லு" என்பார்கள். டெல்மர் கிராபில் என் தம்பி. இந்தப் பிப்ரவரியில் இறந்துபோனான், மாரடைப்பு. மார்க்லண்ட் சாலைக்குப் பின்னால் இருந்த அவன் கொட்டகையில் தரையோடு தரையாக இரண்டு இரும்பு உருளைகள் உண்டு. காரின் பின்சக்கரங்களை அவற்றின் மேல் நிறுத்தி, வண்டியைச் சங்கிலியால் கட்டி, முழு வேகத்தில் ஓட்டினால், சக்கரத்துக்கு எத்தனை குதிரைத்திறன் வருகிறது என்று ஒரு தாளில் அச்சாகி வரும். நூலக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தாள்களை அடுக்கிவைக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

தம்பி அதிகம் பேசமாட்டான். எண்ணைச் சொல்வான், தாளைக் கொடுப்பான். முப்பது வருட நட்பு என்று அவனுக்கு இருந்தது ஒரே ஒருவன்தான்: லானி பிட்ஸர். வீடுகளுக்கு வெப்பக்காற்றுக் குழாய் அடிக்கும் தகர வேலைக்காரன். லானி நிறுத்தாமல் பேசுவான், டெல்மர் நிறுத்தாமல் கேட்பான். இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

ஒரு ஜூலை சனிக்கிழமை லானி தன் மஸ்டாங் காரோடு தானே செய்த ஒரு தகரப் பெட்டியையும் கொண்டுவந்தான். எஞ்சினுக்குக் காற்றை வடிகட்டி அனுப்பும் காற்றுப்பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை வைக்க வேண்டும். அகலக் குழாய், பெரிய கூம்பு ஃபில்டர். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அது நிறைய உள்ளே போனால் எஞ்சின் கூடுதலாக இழுக்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பொய்யில்லை. கடைகளில் விற்கும் பெட்டிகள் உண்மையிலேயே குளிர்ந்த காற்றைக் கொடுக்கின்றனவா என்பதில்தான் எங்கள் ஊரில் ஆளுக்கொரு கட்சி.

"கூடறது பத்து குதிரைக்குக் கீழ வந்துச்சுன்னா இதைக் கோழிக்கூண்டுக்குக் கூரையா போட்டுடறேன்" என்றான் லானி.

"உங்கிட்டதான் கோழியே இல்லையேடா" என்றான் டெல்மர்.

பழைய பெட்டியோடு ஓட்டினார்கள்: முந்நூற்று எழுபத்தொன்று. புதியதை மாட்டி ஓட்டினார்கள்: முந்நூற்று எண்பத்தைந்து. லானி அந்தத் தாளை முத்தமிட்டதை நான் பார்த்தேன். அடுத்த மாதம் உதிரிபாகச் சந்தையில் அவன் மேசையில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. டெல்மரின் தாள் என்றால் யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள். இலையுதிர் காலத்துக்குள் முப்பது பெட்டிகள் விற்றுப் போய்விட்டன.

அக்டோபரில் தாள்களை அடுக்கும்போது என் கண்ணில் ஒன்று பட்டது. ஒவ்வொரு தாளின் மூலையிலும் நேரம் இருக்கும். லானியின் முதல் ஓட்டம் 11:50. இரண்டாவது 1:25.

"டெல்மர், பெட்டி மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருபது நிமிஷம். ஏன்க்கா?"

"நடுவுல ஒன்றரை மணி நேரம் இருக்கே?"

"டெண்டர்லாய்ன் சாண்ட்விச் சாப்பிடப் போனோம். லானிக்குப் பசின்னா காது அடைச்சிடும்." சிரித்துக்கொண்டே சொன்னவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

நான் கேட்டது இவ்வளவுதான். மீதியை அவனே போட்டுப் பார்த்துக்கொண்டான். லானி இருபது மைல் வெயிலில் ஓட்டிவந்து, எஞ்சின் கொதிக்கக் கொதிக்க முதல் ஓட்டம் ஓடியிருக்கிறான். பிறகு பானெட்டைத் திறந்துவைத்து, எதிரே பெரிய மின்விசிறியையும் போட்டுவிட்டு இருவரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள். ஆறிப்போன எஞ்சின் இரண்டாவது ஓட்டம் ஓடியிருக்கிறது. பதினாலு குதிரையில் எத்தனை பெட்டி கொடுத்தது, எத்தனை மதியச் சாப்பாடு கொடுத்தது?

டெல்மர் அன்று மாலையே லானியைக் கூப்பிட்டான். மறு சனிக்கிழமை சரியாக அளந்தார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் ஒரே அளவு ஓய்வு, பானெட் சாலையில் ஓடுவது போல மூடியே இருந்தது. பழைய பெட்டி முந்நூற்று எழுபத்திரண்டு. லானியின் பெட்டி முந்நூற்று எழுபத்து மூன்று. ஓய்வில்லாமல் மறுபடி ஓட்டியபோது லானியின் பெட்டி பழையதைவிட நாலு குறைத்துக் காட்டியது. திறந்த ஃபில்டர் ரேடியேட்டரின் சூட்டைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

லானி தாளையே பார்க்கவில்லை. "முப்பது பேருக்கு என் வாயால சொல்லியிருக்கேன்டா. பேர் சொல்லிக் கூப்பிடற ஆளுங்க."

"தெரியும்."

"பதினாலுன்னு சொன்னது என் தகரமில்ல. நீ."

"நான்தான்" என்றான் டெல்மர். பழைய தாளை வாங்கி, குறுக்கே ஒரு கோடு போட்டு, 'என் தவறு' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தான். "இதைக் காட்டு. அவங்க என்னைத் திட்டட்டும்."

லானி அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனான். மூன்று வருடம் வரவில்லை.

நான் தாளின் அந்த மூலையைப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று ஒருமுறை சொன்னேன். "எண் தப்பா இருந்துச்சேக்கா" என்றான் டெல்மர். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் உருளைக்குப் பக்கத்தில், அடுப்படியில் வைக்கிற, நிமிடம் முறுக்கிவிட்டால் மணியடிக்கும் முட்டை வடிவக் கடிகாரம் ஒன்று வந்து உட்கார்ந்தது. எந்த வண்டியானாலும் ஓட்டத்துக்கு ஓட்டம் இருபது நிமிடம். அது கிணுகிணுத்தால்தான் அடுத்தது. "இது என்ன, கேக் சுடற கடையா?" என்று வந்தவர்கள் கிண்டலடித்தார்கள். அவன் பொருட்படுத்தவில்லை. சனிக்கிழமை மதியங்களில் கொட்டகையிலேயே எதையாவது நின்றபடி தின்றான்.

நாலாவது வசந்தத்தில் அந்த மஸ்டாங் வாசலில் வந்து நின்றது. லானி இறங்காமலே பானெட்டின் தாழை விடுவித்தான். உள்ளே வேறு ஒரு பெட்டி. சுற்றிலும் ரப்பர் விளிம்பு, பானெட்டை மூடினால் எஞ்சின் சூடு உள்ளே வர வழியில்லை. முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னாலிருந்து நேரே வெளிக்காற்று.

"அள" என்றான்.

டெல்மர் வெகுநேரம் குனிந்து பார்த்தான். "என் மிஷினுக்கு இது தெரியாதுடா."

"என்னடா சொல்ற?"

"என் மிஷின் நிக்கிற வண்டியத்தான் அளக்கும். இது ஓடறப்ப காத்து வாங்குது. ஓட்டப் பாதைக்குப் போகலாம்."

மன்சி ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கால் மைல் கார் பந்தயப் பாதைக்குப் போனோம். நாலு ஓட்டம் காரோடு வந்த பழைய பெட்டி, நாலு ஓட்டம் புதியது, மாற்றி மாற்றி. கடிகாரம் என் மடியில். முடிவுக்கோட்டில் புதிய பெட்டி வேகத்தை மணிக்கு ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவாகக் கூட்டியது. டெல்மர் விரல்விட்டு எண்ணிவிட்டுச் சொன்னான்: "ஏழெட்டு குதிரை. ஓடறப்ப மட்டும். நின்னா ஒண்ணோ, ஒண்ணுமில்லையோ."

"இதுக்கா மூணு வருஷம்?" என்றான் லானி.

"பசிக்குதா?"

"காது அடைக்குதுடா."

இந்த ஏப்ரலில், தம்பி போன பிறகு வந்த முதல் சந்தைக்கு, அந்த முட்டைக் கடிகாரத்தை லானியிடம் கொடுக்கலாமென்று எடுத்துப் போனேன். அவன் மேசையில் மூன்று தாள்களை வரிசையாகப் பரப்பியிருந்தான்: கோடு போட்ட பதினாலு, அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு குதிரை காட்டிய மறு அளவுத் தாள், கடைசியில் ஓட்டப் பாதைச் சீட்டு. தொப்பி போட்ட ஒருவர் மூன்றையும் படித்துவிட்டு, "அப்ப எவ்வளவுதான்யா கூடும்?" என்று கேட்டார்.

"ஓடினா ஏழெட்டு."

"இந்தப் பதினாலு?"

"அது சாப்பாட்டு நேரம்."

"எதிர் மேசையில இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கானே."

"அவன்கிட்ட யார் அளந்ததுன்னு கேளுங்க."

அவர் சிரித்துவிட்டு எதிர் மேசைக்கே போனார். லானி அவரைக் கூப்பிடவில்லை. காற்று வீசியது, தாள்கள் படபடத்தன. என் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தவன், அதை வாங்கி, 'என் தவறு' என்ற எழுத்து மறையாதபடி கொஞ்சம் தள்ளி, முதல் தாளின் மேல் வைத்தான்.