மேடவாக்கம் மோட்டார் அறையில் சுமதியின் அட்டவணை

நான் தாம்பரம் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் நூலகர். துறைகளின் ஆராய்ச்சியை மதிப்பிடும் காலம் வந்தால், எந்தக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தேடிக் கொடுப்பது எங்கள் வேலை. போன மாதம் சுமதியின் கட்டுரைக்கு வந்தது பூஜ்ஜியம். வேறு ஏதாவது பயன் இருந்ததற்கு வெள்ளிக்கிழமைக்குள் ஆதாரம் காட்டாவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். வியாழக்கிழமை விடுப்பு போட்டுவிட்டு நானே கிளம்பினேன்.

சுமதி எங்களிடம் ஒப்பந்த ஆய்வாளராக இருந்தவள். மேடவாக்கத்துக் கிணறுகளில் ஓராண்டு நீர்மட்டம் அளந்து எழுதினாள். ஒப்பந்தம் முடிந்ததும் கோவையில் ஏதோ அலுவலகத்தில் சேர்ந்துவிட்டாள். நூலக ஜன்னலோர மேசையில் அவளோடு டிபன் பாக்ஸ் திறந்த மதியங்களுக்கு இன்னும் ஏங்குகிறேன், மறைப்பானேன்? போனில் சொன்னபோது, "விடுடி, யாருமே படிக்காத பேப்பர் அது" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

காலை 9.20க்குத் தாம்பரம் கிழக்கில் பேருந்து. சுமார் பத்து கிலோமீட்டர். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆண்கள் பதினைந்து ரூபாய் சில்லறையாக வைத்துக்கொண்டால் நடத்துநரிடம் திட்டு வாங்காமல் தப்பிக்கலாம். தண்ணீர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து 10.15க்கு இறங்கினேன்.

கட்டுரையின் கடைசியில் சுமதி நன்றி சொல்லியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்புதான் என் ஒரே துப்பு. அங்கே மோட்டார் போடும் ஏழுமலை அண்ணனிடம் அவள் பெயரைச் சொன்னேன்.

"அந்த மேடமா? அவங்க குடுத்த பேப்பர் தோ கீது பாருங்க" என்று மோட்டார் அறையைத் திறந்தார்.

சுவரில் அவளுடைய அட்டவணை, பன்னிரண்டு மாத அளவுகள். அதன் கீழே ஒட்டிய நோட்டுத் தாள்களில், பேனாவில், இன்னும் ஐந்து வருட அளவுகள்.

"இதெல்லாம் யாருண்ணா எழுதினது?"

"நான்தான். மாசாமாசம் கெணத்துல கயிறு வுட்டு அளந்துகினு வரேன். தண்ணி எப்போ எறங்கும்னு இத்த பாத்துதான் லாரிக்கு சொல்றோம். முன்னெல்லாம் திடீர்னு தீந்துபூடும், ஒரே பேஜாரு."

நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். அண்ணன் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். படம் எடுத்தேன், குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் கடிதம் வாங்கினேன், படத்தைச் சுமதிக்கும் அனுப்பினேன்.

இதே வேலையாக அலையப்போகும் நூலகர்களுக்கு: நன்றி வரிகளை முதலில் படியுங்கள். பதினொன்றுக்குள் போய்விடுங்கள், அதன்பின் மோட்டார் அறையைப் பூட்டிவிடுவார்கள். கடிதத்தில் தேதி இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். முடிந்தால் துணைக்கு ஒருவரை அழைத்துப்போங்கள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது வழி முழுக்க எனக்கு உறுத்தியது.

திரும்பும் பேருந்தில் போன் அடித்தது. சுமதி. ஹலோ கூடச் சொல்லவில்லை.

"ரெண்டாவது தாள்ல ஆகஸ்ட் ஏன் காலியா இருக்கு?"

"தெரியலடி. நான் கேக்கல."

"கேக்காம எப்படி வந்தே?" நூலகத்தில் என்னை விரட்டிய அதே குரல். பிறகு, "ஞாயித்துக்கிழமை அந்த அண்ணன் இருப்பாரா?" என்றாள்.

இருப்பார் என்றேன். அதையும் நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை.