கேட்டில் வைத்த ஊதல் மெஷின்

குடித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிப்பவன் மேல் எனக்கு இரக்கமே கிடையாது. திருமழிசையில் நான் வேலை பார்க்கும் கம்பெனி, தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்களை ஓட்டுகிறது. டிரைவர்களை ஊதவைத்துப் பார்த்த பிறகே வண்டியை எடுக்கவிட வேண்டும் என்று முதலில் சொன்னவளே நான்தான். விதிகளை எழுதும் வேலையையும் என் தலையில் கட்டினார்கள். மெஷின் கத்தினால் கால் மணி நேரம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொல்ல வேண்டும் என்று எழுதினேன். மேனேஜர் அந்த வரியை மட்டும் அடித்தார்.

"பஸ் லேட்டானா கஸ்டமருக்கு நீங்களா பதில் சொல்வீங்க?"

அடித்த கையோடு, சுத்தமாக இருக்கட்டும் என்று கேட்டருகே போட்ட மேசையில் ஒரு சானிடைசர் பாட்டிலையும் வைத்தார். கையில் பூசிக்கொண்டுதான் ஊத வேண்டுமாம்.

முதல் நாளே மாட்டியவர் டிரைவர் பாய். பூந்தமல்லிக்காரர், பீடிகூடப் பிடிக்காத மனிதர். சானிடைசரைத் தாராளமாகப் பூசி, ஈரம் காயாத கையைக் குவித்துக் குழாயைப் பிடித்து ஊதினார். மெஷின் கத்தியது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன் செல்போனில் படம் பிடித்தான்.

"இன்னா மேடம் இது? எனக்கு அந்த வாடையே ஆவாது. இந்த வீடியோ எங்க தெருவுக்குப் போச்சுன்னா ஊட்ல இன்னான்னு சொல்லுவேன்?"

மேனேஜர் அவரை அங்கேயே சஸ்பெண்ட் செய்தார். மறுபடி ஊதவைக்கச் சொன்னேன். விதியில் இல்லை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதுதான் பாயின் கையிலிருந்து ஸ்பிரிட் வாடை என் மூக்கில் ஏறியது.

பாட்டிலை மேனேஜரிடம் நீட்டினேன். "பூசிக்கினு நீங்க ஊதுங்க சார்."

டிரைவர்கள் சுற்றி நின்றதால் அவரால் மறுக்க முடியவில்லை. பூசினார், புதுக் குழாய் மாட்டி ஊதினார். கத்தியது.

"மெஷின்ல ஏதோ ஃபால்ட்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். "அப்போ பாய்க்கும் ஃபால்ட்டுதானே சார்?" என்று கத்தியேவிட்டேன்.

"அவருது சிஸ்டத்துல ஏறிடுச்சும்மா. மாத்த முடியாது."

டிரைவர் ஒருவர் தன் வண்டிச் சாவியை மேசையில் எறிந்தார். "பாய் ஏறலன்னா இன்னிக்கி ஒரு வண்டியும் நவுராது சார்." மற்றவர்களும் சாவியைப் போட்டார்கள். மாற்றவே முடியாத சிஸ்டம் சற்று நேரத்தில் மாறியது. கடிதம் வந்தது: எச்சரித்து மன்னித்து, பாயை மீண்டும் பணியில் சேர்க்கிறார்களாம். எதற்கு எச்சரிக்கை? யார் யாரை மன்னிப்பது? அதைப் படித்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பாட்டிலை நானே குப்பையில் போட்டேன். அடித்த வரியையும் சண்டை போட்டுத் திரும்ப எழுதவைத்தேன். பாய் வேலையில் இருக்கிறார். ஆனால் குழாயை இன்றும் அவர் தொடுவதில்லை. அதை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து ஊதுகிறார்.

போன மாதம் கஸ்டமர் ஒருவர் பார்வையிட வந்திருந்தார். மேனேஜர் பாயைக் காட்டி, "பாருங்க சார், எங்க ஆளுங்க டிசிப்ளினை" என்றார்.