கை வைத்தால் அடங்கும் இரைச்சல்

காலாட்ஸ் நகரத்தில் லிஃப்ட் பழுதுபார்ப்பவன் டோரு. அடுக்குமாடி லிஃப்ட்டுகளில் பாதி அவன் கை பட்டுத்தான் ஏறி இறங்கும். வாய்தான் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மனதில் இருப்பதை மனைவி சவேட்டாவிடம் அவன் சொன்னதே கிடையாது. கல்யாணமான புதிதில் அவளுக்காக ஒரு வால்ட்ஸ் நடன மெட்டுப் போட்டான். கோபமோ ஆசையோ, அதையே வாசிப்பான். அவளாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அந்த ஞாயிறு மத்தியானம் சவேட்டா இத்தாலிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அங்கே படுக்கையில் கிடக்கும் ஒரு பெண்மணியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இத்தாலி வரை ஆள் ஏற்றிப்போகும் வேன் வருவதற்குள் அந்த மெட்டைப் பதிவுசெய்து அவளிடம் கொடுத்துவிடத் துடித்தான் டோரு. கொடுத்தனுப்ப அவனிடம் வேறொன்றும் இல்லை.

சமையலறை மேசையில் பழைய மின் ஆர்கன். அதிலிருந்து ஒரு கேபிள், ஒலியைப் பதிவுக்கு அனுப்பப் புதிதாக வாங்கிய ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டிக்கு. அங்கிருந்து இன்னொன்று லேப்டாப்புக்கு. ஹெட்ஃபோனை மாட்டினால் தேன்கூட்டுக்குள் தலையை விட்ட மாதிரி ஒரே இரைச்சல். சார்ஜரைப் பிடுங்கினான். இரைச்சல் போயிற்று, பேட்டரி செத்த லேப்டாப்பும் கூடவே அணைந்தது. மறுபடி சொருகினான்.

"இந்தக் கட்டடத்துல எர்த்தே கெடையாது, அதான்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றாள் சவேட்டா, கத்தரிக்காய் மசியல் ஜாடிகளைத் துணியில் சுற்றியபடி. ஜாடி வைக்க இடம் வேண்டி அந்த ஆடியோ பெட்டியை நகர்த்த, அதன் உலோக மூடியில் கை வைத்தாள். இரைச்சல் சட்டென்று அடங்கியது.

"எடுக்காத! கைய எடுக்காத!"

"ஐயோ, ஷாக்கா?"

"இல்ல. நீ தொட்டா அடங்குது."

"உன் பொட்டிக்காவது என் அருமை தெரியுதே," என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

டோரு வாசிக்கத் தொடங்கினான். ஜன்னல் வழியே பாப்லர் மரப் பஞ்சு மிதந்து வந்து அவள் தோளில் உட்கார்ந்தது, ஜாடிகளில் உட்கார்ந்தது. வெயில் தூக்கக் கலக்கத்தோடு சுவரில் நகர்ந்தது. அறையே ஆற்றில் அவிழ்த்துவிட்ட படகாக மெல்ல அசைவதுபோல் டோருவுக்குத் தோன்றியது. மெட்டு முடிய வேண்டிய இடத்தில் அவன் முடிக்கவில்லை. முதலிலிருந்து எடுத்தான். பிறகு இன்னொரு முறை. ஆர்கன் நிற்காதவரை அவள் எழுந்திருக்க முடியாதே!

கீழே வேன் ஹாரன் அடித்தது. விரல்கள் மறுபடி தொடக்கத்துக்கே திரும்பின.

"டோரு, வேன் வந்துருச்சு."

அவன் வாசிப்பை நிறுத்தவில்லை.

"போகாதன்னு வாயத் தொறந்து ஒரு தடவ சொல்லேன்யா."

விரல்கள் நின்றன. "போகாத," என்றான்.

சவேட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போய்த்தான் ஆகணும். ஆனா சொல்லிட்ட." கையை எடுத்தாள். இரைச்சல் திரும்பி வந்தது.

வேன் போன பிறகு பதிவை அப்படியே அவள் போனுக்கு அனுப்பினான். ஹங்கேரி எல்லையிலிருந்து கூப்பிட்டாள்.

"கடைசியில பாட்டு பாதியில நிக்குது. அப்புறம் ஒண்ணுமே இல்ல, அப்புறம் இரைச்சல்," என்றாள்.

"கேபிள்ல வர்றதுதான் பதிவாகும், நாம பேசுறது விழாது. அந்த எடத்த வெட்டிட்டுச் சுத்தமா அனுப்பவா?"

"வெட்டிப் பாரு, அடுத்த வேனப் புடிச்சு வந்து ஒதைக்கிறேன். நீ சொன்னது அங்கதானய்யா இருக்கு."