பிடித்துத் தைக்காத ஜாக்கெட்

போன வாரம் ஆரல்வாய்மொழிக்கு ஒரு போட்டோவுக்கு வயசு சொல்லப் போயிருந்தேன்.

சிரிக்காதீர்கள். ஜோசியர் கட்டத்தைப் பார்த்து ஆயுசு சொல்கிறார். மாட்டுத் தரகர் பல்லைப் பார்த்து வயசு சொல்கிறார். நான் ஜாக்கெட்டின் கையைப் பார்த்துச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவளுக்கு இதைவிடப் பெரிய உத்தியோகம் கிடைக்குமா என்ன?

கணக்கு ரொம்ப லேசு. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் மாட்டியிருக்கும் பழைய கல்யாணப் படங்களைப் பாருங்கள். ஜாக்கெட்டின் கை மணிக்கட்டு வரை இறங்கி, கழுத்திலும் கையிலும் பின்னல் லேஸ் வைத்து, தோளில் ஒரு புரூச் குத்தியிருக்கிறதா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். கை முழங்கைக்கு மேலே ஏறி, பணியாரம் மாதிரி புஸ்ஸென்று உப்பியிருக்கிறதா? முப்பதுகள்.

ஆண்களை மட்டும் நம்பவே கூடாது. துணியை வைத்துத்தான் சொல்கிறேன்... மற்றது உங்கள் அனுபவம். அந்தக் காலத்து ஸ்டூடியோவிலேயே ஒரு கோட்டு தொங்கும். உள்ளே போகிறவர் மாட்டிக்கொள்வார், படம் எடுத்ததும் கழற்றிவிட்டு வந்துவிடுவார். ஊரில் பாதி ஆண்கள் ஒரே கோட்டுக்குள் நுழைந்து வெளியே வந்தவர்கள்தான்!

சரி, ஆரல்வாய்மொழிக்கு வருவோம். அங்கே இருப்பது ரெஞ்சிதம் மயினி. என் பெரியப்பா மகனின் மனைவி. வருகிற ஞாயிற்றுக்கிழமை தொண்ணூறு முடிகிறது. ஆள் அந்த நாளிலிருந்தே நல்ல உயரம், நல்ல அகலம். மயினி உள்ளே வந்தால் நிலைப்படிதான் ஒதுங்கி வழிவிடும் என்று நான் கேலி செய்வேன். மயினியும் சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பில் எப்போதும் ஒரு சிட்டிகை உப்புக் குறையும்.

காரணம் உண்டு. மயினி தவழ்கிற வயதில் அம்மா இறந்துபோனார். அப்பா சீக்கிரமே மறுமணம் செய்துகொண்டார். வந்தவர் சின்னம்மை. அப்பா ஓலைக் குச்சி. சின்னம்மை முருங்கைக் குச்சி. பிறந்த தம்பிகள் இரண்டும் தீக்குச்சி. நடுவில் மயினி மட்டும் தேக்கு! 'இவ யாரைக் கொண்டு பிறந்தாளோ' என்று சொல்லாத வாய் அந்தத் தெருவில் கிடையாது. அம்மாவுக்குப் படம் ஒன்றுகூட இல்லை. அப்பா அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாராம். அம்மாவைப் பார்த்த கடைசி ஆளும் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆயிற்று.

இப்போது மயினியின் மகன் செல்வின் வீட்டுக்கு வெள்ளையடிக்க, சுவரில் இருந்த வேதவசனப் படத்தைக் கழற்றியிருக்கிறான். சட்டத்துக்குப் பின்னால், அட்டைக்குப் பதில் ஒரு போட்டோ! மயினியின் அப்பா நாற்காலியில், ஸ்டூடியோ கோட்டில். பக்கத்தில் நிற்பது ஒரு பெண். அவள் முகம்? நெற்றியிலிருந்து உதடு வரை செல்லரித்துப் போயிருக்கிறது. மிச்சம் இருப்பது தாடை, ஒரு காது, கழுத்துக்குக் கீழே உடுப்பு.

முதல் மனைவியா, இரண்டாம் மனைவியா?

செல்வின் பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவன். படத்தை ஸ்கேன் பண்ணி டேப்லெட் திரையில் பெரிதாக்கி வைத்திருந்தான்.

"மாமி, நீங்க பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க. அது அம்மையப் பெத்த ஆச்சிதான்னா ஞாயித்துக்கெழம ஜெபக்கூட்டத்துல ஃப்ரேம் போட்டு வச்சிரலாம். அம்மைக்குத் தொண்ணூறு வயசுல அவளுக்க அம்மையக் காட்டுன மாதிரி இருக்கும்."

"முகம் இல்லாத படத்துல என்னத்தக் காட்டப் போற மக்கா?"

"முகம் இல்லாட்டா என்ன மாமி? அப்பா பக்கத்துல அவ நின்னா போதும்னு அம்மை சொல்லுகா."

மயினி கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாப் பாருட்டி. ஒனக்க வெளையாட்ட எல்லாம் கெணத்துல போட்டுட்டுப் பாரு."

பார்த்தேன். மணிக்கட்டுக்கும் கீழே இறங்கிய கை. கழுத்தில் லேஸ். தோளில் புரூச். சந்தேகமே இல்லை. மயினியின் அம்மா கல்யாணம் கட்டி வந்தது இருபதுகளின் கடைசியில். சின்னம்மை வந்தது முப்பதுகளின் பின்பாதியில்... அப்போது கை மேலே ஏறி உப்பிவிட்டது. இந்தக் கையோடு எந்தப் புதுப்பெண் ஸ்டூடியோவுக்குப் போவாள்?

"மயினி, இது ஒங்க அம்மைதான்" என்றேன். கொஞ்சம் கெத்தாகத்தான் சொன்னேன். செல்வின் அப்போதே ஃப்ரேம் கடைக்குப் போன் போட எழுந்துவிட்டான்.

மயினி டேப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வெளியே காற்று வழக்கம்போல ஓலைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் படத்தில் அந்தக் காதையே பார்த்தார். பிறகு ஒரு விரலால் மெதுவாகத் தொட்டார்.

"இது சின்னம்மை" என்றார்.

"மயினி, ஜாக்கெட்டுக்க கையப் பாருங்க..."

"கைய நீ பாருட்டி. காது எனக்குத் தெரியும்."

சின்னம்மைக்குச் சின்ன வயதில் பாம்படம் போடக் காது வளர்த்திருந்தார்களாம். தோளைத் தொட வேண்டிய காது. பிறகு காலம் மாறியது. தொங்கும் காது நாகரிகமில்லை என்று ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துவிட்டார்கள். தைத்த இடத்தில் ஒரு தடிப்பு. அம்மா இல்லாத பிள்ளை ராத்திரி தூங்காமல் அழுமாம். சின்னம்மை பக்கத்தில் படுத்துக் காதைக் கொடுப்பாராம். அந்தத் தடிப்பைத் தடவிக்கொண்டேதான் தூங்குமாம் பிள்ளை.

"கண்ணக் கெட்டிட்டு விட்டாலும் இந்தக் காத நான் சொல்லுவேன்" என்றார் மயினி. குரல் இறங்கிவிட்டது. "அப்போ எங்க அம்மை இதுலயும் இல்லியா..."

என் கெத்து எங்கே போனது என்று கேட்காதீர்கள். ஏங்கியிருந்த ஒரு கிழவிக்குத் தாயைக் கொடுத்து, ஐந்து நிமிஷத்தில் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

மயினி அந்தக் காதை இன்னொரு தரம் தடவினார். டேப்புக்குப் பாசம் தெரியுமா? விரல் போன பக்கம் படம் ஓடியது. காது மறைந்தது. திரை முழுக்க ஜாக்கெட்டின் தோள் வந்து நின்றது.

அப்போதுதான் எனக்குக் கண் திறந்தது. தோள் தையல் தோளில் இல்லை! நழுவிப் பாதிக் கையில் கிடந்தது. படத்தை இழுத்துப் பார்த்தேன். கையின் லேஸ் மணிக்கட்டைத் தாண்டி விரல் முட்டியை மூடியிருந்தது. இடுப்பில் துணியை மடித்து ஊக்கு குத்தியிருந்தது.

"மயினி, இந்த ஜாக்கெட்டுக்குள்ள ஒங்க சின்னம்மை குடும்பமே நடத்தலாம் போலுக்கே! இது அவங்களுக்குத் தச்சது இல்ல."

செல்வின் சொன்னான்: "ஸ்டூடியோ கோட்டு மாதிரி ஸ்டூடியோ ஜாக்கெட்டா இருக்கும் மாமி."

"போலே! கண்டவளுக்க ஜாக்கெட்ட எந்தப் பொம்பள போடுவா?" என்றார் மயினி. சொல்லிவிட்டு டேப்பின் பக்கம் திரும்பினார்.

கண்டவள் இல்லை. அதே வீட்டுப் பெட்டியில் இருந்தது. லேஸ் வைத்துத் தைத்த கல்யாண ஜாக்கெட்டை அந்தக் காலத்தில் யார் தூக்கிப் போடுவார்கள்? போனவளுடையது வந்தவளுக்கு. துணி தைத்த வருஷத்தைச் சொல்லும். போட்ட வருஷத்தைச் சொல்லாது. இத்தனை படங்களைப் பார்த்த எனக்கு இது தோன்றவில்லை, பாருங்கள்.

"ஏட்டி..." மயினி என் கையைப் பிடித்தார். பிடி எலும்பு வரை வலித்தது. "எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல சின்னம்மை ஒரு ஜாக்கெட்டு தந்தா. நீளக் கை. லேஸ் வச்சது. கெழவி சட்டை, நான் போடமாட்டேன்னு அழுதேன். பெட்டியில கெடந்ததுட்டி, ஒருக்கப் போட்டுக் காட்டுன்னா. போட்டேன்."

"பிறகு?"

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருந்தது. ஒரு தையல் பிரிக்கல்ல, ஒரு தையல் பிடிக்கல்ல. சின்னம்மை என்னையே பாத்துட்டு நின்னா. என்னத்தப் பாக்கியன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னுட்டு அடுக்களைக்குப் போயிட்டா."



சின்னம்மை வீட்டில் எல்லார் துணியையும் தானே தைப்பவராம். கணவரின் சட்டையைப் பிரித்துப் பிள்ளைகளுக்குத் தைத்துவிடுகிற கை. அந்தக் கைக்கு அந்த ஜாக்கெட்டை ஒரு விரற்கடை பிடித்துத் தைக்கத் தெரியாதா? தைக்கவில்லை. தொளதொளவென்று போட்டு, ஊக்குக் குத்தி, படத்துக்கு நின்றிருக்கிறார். ஏன்? நமக்குச் சொல்ல ஆளில்லை. ஆனால் சேதாரம் இல்லாமல் ஒருநாள் அது போய்ச் சேர வேண்டிய இடம் எது என்று அந்த முருங்கைக் குச்சிக்குத் தெரிந்திருந்தது.

மயினி கட்டிலை விட்டு எழுந்தார். பீரோ கண்ணாடி முன்னால் போய் நின்றார். தன் தோளைப் பார்த்தார், கையைப் பார்த்தார், திரும்பி நின்று முதுகைக்கூடப் பார்த்தார்.

"அப்போ எங்க அம்மையும் இந்தத் தடிதான்" என்றார்.

எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன். மயினி உப்புக் குறையாமல் சிரித்தது அன்றைக்குத்தான்.

"ஃப்ரேம் கடைக்காரனுக்கு என்னம்மா சொல்ல? படத்துக்கு அடியில யாரு பேரப் போட?" என்று கேட்டான் செல்வின்.

"ரெண்டு பேருக்க பேரையும் போடுல. நிக்கது சின்னம்மை. கூட நிக்கது அம்மை."

ஊருக்குத் திரும்பியதும் தையல்காரியிடம் கொடுத்திருந்த ஜாக்கெட்டைத் திருப்பி வாங்கிவிட்டேன். இளைத்துப்போய்விட்டேன், பிடித்துத் தை என்று சொல்லியிருந்தேன்... வேண்டாம், என் அகலம் அப்படியே இருக்கட்டும். பின்னால் எவளாவது அம்மாவைத் தேடி வருவாள்.