சுவருக்கு அந்தப் பக்கத்துக் கொடி

"பனிதாம்மா. வேற ஒண்ணுமில்ல. துளிர் விட்ட நேரத்துல ஒரு பனி அடிச்சுருச்சு. அதான் காய் பிடிக்கல."

கடைக்காரம்மா கேட்டது உருளைக்கிழங்கு எத்தனை கிலோன்னுதான். கொடியைப் பத்தி அவங்க பேச்சே எடுக்கல. சாங்தாலுக்கு இப்பல்லாம் இதே பழக்கமாப் போச்சு. பஸ்சுக்கு நிக்கிறவங்ககிட்ட, முடிவெட்டுறவர்கிட்ட, தபால்காரர்கிட்ட, யாரும் கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கிட்டே திரியுறாரு. பனியாம். பனிதானாம்.

குள்ளமான மனுஷன். வைக்கோல் தொப்பி, பின்பாக்கெட்டுல கத்தரி, சட்டைப்பையில போன். போனைத் தொறந்தா பேத்தி. மக மிரானுக்கு ஜூன் மாசம் பொண்ணு பொறந்துச்சு, சோயுல்னு பேரு. அன்னியிலேருந்து ஊர் வழக்கப்படி யாராவது 'மிரான் அப்பா'ன்னு கூப்பிட்டா இவர் திரும்புறதே இல்ல.

"அந்த ஆளு வேலைய விட்டுட்டுப் போயிட்டான். சோயுல் தாத்தா இருக்கேன், என்ன வேணும்?"

அவரோட பெருமை ரெண்டு. ஒண்ணு இந்தப் பேத்தி. அதுக்கு ரொம்ப முந்தினது வீட்டுக்குப் பின்னால பந்தல்ல படர்ந்திருக்கிற தாரேக் கொடி. சின்ன வயசுல மலையிலேருந்து வேரோட பிடுங்கி முதுகுல சுமந்துட்டு வந்து நட்டது. தாரேயும் கிவிதான். ஆனா கடையில விக்கிற கிவி மாதிரி மேலெல்லாம் முடி இருக்காது. கைக்குழந்தை கன்னம் மாதிரி வழவழன்னு, கட்டைவிரல் அளவுதான் இருக்கும். தோல் உரிக்க வேண்டியதில்ல, அப்படியே வாயில போட்டுக்கலாம். உள்ள பச்சைப் பசேல்னு இருக்கும், எள்ளைவிடச் சின்ன விதை. கெட்டியா இருக்கும்போதே பறிச்சு, அரிசிப் பானைக்குள்ள புதைச்சு வச்சு, தொட்டா அமுங்குற பதத்துல எடுப்பாரு. மிஞ்சினதைச் சர்க்கரையில ஊறப் போடுவாங்க, இல்ல ஜாடியில சாராயம் ஊத்தி மூடிருவாங்க. ஊர்ல பாதிப் பேருக்குக் குளிர்காலம் அவர் ஜாடியிலதான் கழியும்.

"கைராசி," அப்படின்னு உள்ளங்கையை விரிச்சுக் காட்டுவாரு.

சுவருக்கு அந்தப் பக்கம் ஓக்பூன் வீடு. பிள்ளை பொறந்தாத்தானே பிள்ளை பேரைச் சொல்லி அம்மான்னு கூப்பிடுவாங்க. அவங்களுக்குப் பொறக்கல. அதனால பொறந்த ஊரை வச்சு 'ஜெச்சோன்காரம்மா'ன்னு ஒரு பேரு, கல்யாணமாகி வந்த நாளா அதேதான். அவங்க வீட்டுலயும் ஒரு தாரேக் கொடி இருந்துச்சு. இவரோடதைவிட வேகமா வளரும், சுவரேறி இவர் பந்தல் மேலயே வந்து படுத்துக்கும். பூக்கும். ஒரு காய்கூட வச்சதில்ல.

வருஷா வருஷம் ஒரு கிண்ணம் பழத்தைச் சுவருக்கு மேல நீட்டும்போது சாங்தால் இதைச் சொல்லாம விட்டதில்ல.

"ஜெச்சோன்காரம்மா, உங்க கொடி மலடு. உரத்தை எல்லாம் அதுவே உறிஞ்சிருது. வெட்டி எறிஞ்சிருங்க."

யாருகிட்ட எந்த வார்த்தையைச் சொல்றோம்னு ஒரு தடவைகூட அவருக்குத் தோணல. அந்தம்மா சிரிச்சுக்கிட்டே கிண்ணத்தை வாங்கிக்குவாங்க.

"இருந்துட்டுப் போகட்டும். அது குடுக்குற இலை எனக்குப் போதும்."

வசந்தகாலத்துல அந்தக் கொடியோட இளந்துளிரைக் கிள்ளி, வேகவச்சு, நல்லெண்ணெய் ஊத்திப் பெசைஞ்சு, பாதியை இதே கிண்ணத்துல போட்டு அனுப்புவாங்க. அந்த ஊர்ல கிண்ணம் வெறுமையாத் திரும்பக் கூடாது. என்ன வந்துச்சோ தின்னுட்டு, நம்ம பங்குக்கு எதையாவது போட்டுத்தான் அனுப்பணும்.

இந்த வருஷம் குளிர் முடியுற சமயத்துல அந்தம்மா முட்டி ஆபரேஷனுக்கு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. போன மறுநாளே சாங்தால் ரம்பத்தை எடுத்துட்டுச் சுவரைச் சுத்திப் போனாரு. இடுப்பு உயரத்துல ஒரே அறுப்பு.

அறுத்ததும் கொடி அழ ஆரம்பிச்சுது. அந்தப் பருவத்துல தாரேக் கொடியில கத்தி படக் கூடாது, வேரு தண்ணியை மேல அனுப்புற நேரம் அது. வெட்டுன வாயிலேருந்து சொட்டு சொட்டா விழுந்து மண்ணு கறுத்துருச்சு. தூரத்துலேருந்து பாத்தாலே தெரிஞ்சுது. மண்ணை வச்சு அப்பினாரு, நிக்கல. துணியைக் கட்டினாரு, அதுவும் ஊறிருச்சு. கடைசியில ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டிவிட்டாரு. காலையில பாத்தா பாட்டில் நெறஞ்சிருக்கு. கண்ணாடி மாதிரித் தண்ணி, லேசான இனிப்பு.

அங்க எல்லாருமே குளிர் முடியும்போது மரத்துத் தண்ணி இறக்கிக் குடிப்பாங்க, எலும்புக்கு நல்லதுன்னு. சாங்தால் எதையும் வீணாக்குற ஆள் இல்ல. அந்தப் பாட்டிலைத் தூக்கிட்டு பஸ் ஏறி நேரா ஆஸ்பத்திரிக்கே போயிட்டாரு.

"மலையிலேருந்து இறக்கினது. முட்டிக்கு நல்லது, குடிங்க."

அந்தம்மா மடக்கு மடக்குன்னு குடிச்சாங்க. "மூட்டுக்குள்ள குளுகுளுன்னு இறங்குது. இவ்வளவு தூரம் எனக்காகச் சுமந்துட்டு வந்தீங்களா?"

வீட்டுக்கு வந்ததும் கொடியைப் பாத்தாங்க. பனி அடிச்சுக் காஞ்சுருச்சு, காஞ்சதை நான்தான் வெட்டிவிட்டேன்னு சாங்தால் சொன்னாரு. "நல்லதாப் போச்சு, இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் எங்க வெட்டுறது," அப்படின்னு சொல்லிட்டு, மறுநாள் சிவப்புப் பயறுக் கஞ்சி காய்ச்சி அனுப்புனாங்க. தண்ணிக்கும் வெட்டுக்கும் சேர்த்து நன்றியாம்.

ஜூன்ல இவர் கொடி கொள்ளாம பூத்துச்சு. பேத்தி பொறந்த வாரம் அது. அந்த ஊர்ல குழந்தைக்கு நூறு நாள் ஆனா விருந்து வைப்பாங்க. அந்த விருந்துக்குப் பழம் பழுத்துரும்னு விரலை மடக்கிக் கணக்குப் போட்டு ஊரெல்லாம் சொல்லிட்டாரு. தேனீ வந்துச்சு, போச்சு. பூவெல்லாம் காம்போட உதிர்ந்து பந்தலுக்குக் கீழ வெள்ளையாக் கெடந்துச்சு. எங்கயோ காட்டுலேருந்து காத்து கொண்டாந்த புண்ணியத்துல ஒரு கைப்பிடிக் காய் தங்குச்சு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக் கொடிக்குச் சொன்ன அதே பனியை இழுத்துத் தன் கொடிக்கும் போர்த்திட்டாரு.

"நம்ம வீட்டு விலாசம் கேட்டுக்கிட்டு வந்து அடிச்சுதாக்கும் அந்தப் பனி?" அப்படின்னு அவர் சம்சாரம் கேட்டாங்க. "பேரிக்கா மரமெல்லாம் தொங்கத் தொங்க நிக்குது."

போன வாரம் சந்தையில நாத்து விக்கிற பொம்பளைகிட்டப் போனாரு. நல்லாக் காய்க்கிற தாரே நாத்து ஒண்ணு வேணும், வீட்டுக் கொடி கெட்டுப்போச்சுன்னாரு.

"உங்க கொடிக்கு மாப்பிள்ளை யாரு தாத்தா?"

"என்ன மாப்பிள்ளை?"

"பூவைப் பாத்ததில்லையா? நடுவுல குட்டியா வெள்ளைச் சக்கரம் இருந்தா அது பொண்ணு. வெறும் கறுப்புப் பொடி மட்டும் இருந்தா ஆம்பளை. ஆம்பளைக் கொடி காய்க்காது. ஆனா அவன் பக்கத்துல இல்லேன்னா இவளும் காய்க்க மாட்டா. இத்தனை வருஷம் காய்ச்சுதுன்னா பக்கத்துல எங்கயோ அவன் இருந்திருக்கணும். யாராச்சும் வெட்டிட்டாங்களா?"

பனின்னு சொல்ல வாயெடுத்தாரு. வரல.

நாத்து வாங்காமலே திரும்பி வந்து சுவர்மேல எட்டிப் பாத்தாரு. அறுத்த கட்டையோட அடியிலேருந்து கை நீளத்துக்கு ஒரு புதுத் துளிர். பக்கத்துல குச்சி ஊணி, பழைய பாவாடைக் கிழிசலால மெதுவா, இறுகாமக் கட்டியிருந்துச்சு. காயம் பட்ட பிள்ளைக்குக் கட்டுப் போடுவோமே, அந்த மாதிரி. இத்தனை வருஷம் விரிச்சுக் காட்டின உள்ளங்கையை அவர் பைக்குள்ள விட்டுக்கிட்டாரு.

கஞ்சி வந்த கிண்ணம் இன்னும் இவர் வீட்டு அலமாரியிலதான் இருந்துச்சு. ஏப்ரலிலேருந்து. வெறுமையா அனுப்ப முடியாது. எதைப் போட்டு அனுப்புறதுன்னும் தெரியல. முட்டை போடுறேன்னு சம்சாரம் சொன்னா வேணாம்பாரு, பூசணிக்கா போடுறேன்னா அதுவும் வேணாம்பாரு. "அப்ப கிண்ணத்தை நாமளே வச்சுக்குவோமா?" அப்படின்னு அவங்க கேட்டாங்க.

இன்னிக்குப் பேத்திக்கு நூறாம் நாள். விடியக் காலையிலயே அடுப்புல வெள்ளை அரிசிமாவு கேக் வெந்துக்கிட்டு இருந்துச்சு. மத்தியானத்துக்குள்ள மக குழந்தையைத் தூக்கிட்டு வந்துருவா. சாங்தால் அரிசிப் பானைக்குள்ள கைய விட்டு, பேத்தி முன்னால அடுக்கணும்னு புதைச்சு வச்சிருந்த அந்த ஒரு கைப்பிடிப் பழத்தையும் எடுத்தாரு. அலமாரிக் கிண்ணத்தை இறக்கித் தொடைச்சு, எல்லாத்தையும் அதுல போட்டாரு.

"அது குழந்தை தட்டுக்கு வச்சதாச்சே?" அப்படின்னாங்க சம்சாரம். அவர் செருப்பை மாட்டிக்கிட்டு இருந்தாரு.

சுவருக்கு மேல நீட்டாம, தெருவைச் சுத்தி, வாசல் வழியாப் போனாரு. ஓக்பூன் குனிஞ்சு துளிரைக் கட்டியிருந்த துணியை ஒரு முடிச்சு மேல ஏத்திக்கிட்டு இருந்தாங்க.

"வாங்க சோயுல் தாத்தா. பேத்தி வந்தாச்சா?"

ஊர்ல முதல் முதல்ல அவரை அப்படிக் கூப்பிட்டது அந்தம்மாதான். சாங்தால் தொப்பியைக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு, ரெண்டு கையாலயும் கிண்ணத்தை நீட்டுனாரு. அவங்க பிடிச்சதுக்கு அப்புறமும் கையை எடுக்கல. ரெண்டு பேரும் கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறாங்க, அவர் பழத்தைப் பாத்துக்கிட்டே பேசுறாரு.

"ஜெச்சோன்காரம்மா, ஆஸ்பத்திரியில நீங்க குடிச்சீங்களே, அந்தத் தண்ணி. அது மலையிலேருந்து இறக்கினது இல்லம்மா."