காலர் மைக் தின்ற சத்தம்

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "காது வீடு எது?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும். மோட்டார் மெக்கானிக்குக்கு இப்படி ஒரு பட்டப்பெயரா என்று கல்யாணமான புதிதில் எனக்கு மானக்கேடாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. தண்ணீர் பம்ப், மிக்ஸி, மின்விசிறி என்று கடைக்கு எது வந்தாலும் அவர் உடனே கழற்ற மாட்டார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற மோட்டார்மேல் வைப்பார். கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். அரை நிமிஷம் போகும். "பின்பக்க பேரிங் போயிடுச்சு. காயில் நல்லா இருக்கு, அதைத் தொட வேண்டாம்" என்பார். கழற்றிப் பார்த்தால், காயில் என்கிற செம்புக் கம்பிச் சுற்று பளபளவென்று இருக்கும், தண்டைத் தாங்கிச் சுழலவிடும் அந்தக் குண்டு வளையம் தேய்ந்துபோய்க் கிடக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சொல்லித் தப்பாய்ப் போனது நான்கே தடவை. அந்த நான்கையும் தேதியோடு சொல்லி நம் உயிரை எடுப்பார்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு தொழிற்சாலையில் காற்று கம்ப்ரஸரைப் பார்க்கப் போனார். உள்ளே கை இருப்பது தெரியாமல் யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். வலது கையின் மூன்று விரல்களை பெல்ட் இழுத்துக்கொண்டது. அன்றிலிருந்து இடது காதில் 'ஙொய்' என்று ஓர் இரைச்சலும் குடியேறிவிட்டது. செம்புக் கம்பி சுற்றுவதற்கு விரல்கள் வேண்டும், இரண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடையை மூடினோம். எனக்கு ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை. காலையிலிருந்து மாலை வரை நோயாளிகளின் பெயரைக் கத்திக் கூப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நான் சமையலறையில் பாத்திரங்களை உருட்டுகிற சத்தத்திலேயே என் அழுகையை அழுது முடித்துவிடுவேன். அவர் முன்னால் ஒரு நாளும் கண்ணைக் கசக்கியதில்லை. கசக்கினால் மனுஷன் உடைந்துவிடுவார் என்று பயம்.

இந்த நிலையில்தான் தொழிற்பயிற்சி நிலையத்து முதல்வரம்மா ஒரு வழி சொன்னார். ஒரு காலத்தில் அவர் வீட்டு பம்ப்பை இவர் காதாலேயே குணப்படுத்தியிருந்தார், அந்த நன்றி. மோட்டார் பழுது பார்ப்பதை வீடியோ பாடமாக எடுக்க அங்கே ஓர் ஆள் தேவைப்பட்டது.

"உங்ககிட்ட சர்டிபிகேட் இல்ல. கமிட்டில அதைத்தான் முதல்ல கேப்பாங்க. நல்ல மோட்டார் எப்படிப் பேசும், கெட்டுப்போனது எப்படிப் பேசும்னு ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க. வர்ற வெள்ளிக்கிழமை பகல் பன்னெண்டு மணிதான் கடைசி" என்றார்.

அவருக்கு இதைவிட்டால் வேறு வேலை கிடையாது. கையால் செய்கிற எதுவும் இனி இல்லை. மிச்சம் இருந்தது அந்தக் காது ஒன்றுதான்.

எங்கள் கூடத்தில் மேசையைப் போட்டு இரண்டு பழைய பம்ப்களை ஏற்றினோம், ஒன்று நல்லது, ஒன்று பேரிங் போனது. நான்தான் கேமராமேன். முதலில் செல்போனை மட்டும் வைத்து எடுத்தேன். மோட்டார் சத்தத்தில் இவர் பேச்சு கரைந்துபோனது. விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் மகளுக்கு அனுப்பினால், "அப்பா வாயசைக்கிறது நல்லா இருக்கும்மா, என்ன சொல்றாருன்னு நீயே சொல்லிடு" என்றாள். அடுத்து, மேசைமேல் நிறுத்துகிற குச்சி மைக் ஒன்றைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினேன். பம்ப்போடு சேர்ந்து மேசையும் ஆடியதில் அந்த மைக் குளிர்ஜுரம் வந்ததுபோல் நடுங்கி, 'கடகட' என்பதை மட்டும் பதிவு செய்தது.

பொறுமை போய் மைக் விற்கிற கடைக்கே போனேன். கடைக்காரர் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே விரல் நுனி அளவுக்கு இரண்டு காலர் மைக்குகள், ஒவ்வொன்றிலும் ஒரு பொத்தான்.

"இதை அழுத்துனா பச்சை லைட் எரியும்க்கா. அப்புறம் பக்கத்துல இடி விழுந்தாலும் வீடியோல கேக்காது. பேசறவங்க குரல் மட்டும் கண்ணாடி மாதிரி வரும்."

எனக்கு வாயெல்லாம் பல். வாங்கி வந்து அவர் சட்டையில் ஒன்றை மாட்டி, பொத்தானை எத்தனை தடவை அழுத்த முடியுமோ அத்தனையும் அழுத்திப் பச்சை விளக்கை முழு அளவில் வைத்து எடுத்தேன். நடுவில் மாடியில் குடிவந்தவர் சுவரில் துளை போட ஆரம்பித்தார். போனை ஓடவிட்டுவிட்டு மேலே ஓடினேன். "உங்க சுவத்துல ஆணி அடிக்க எங்க பொழப்புல ஓட்டை போடறீங்களா?" என்று சண்டை பிடித்து நிறுத்திவிட்டு வந்தேன். மறுபடி பேசி முடித்தார். நான் போட்டுக் கேட்டேன். அவர் குரல் மணி மணியாக இருந்தது. கிளினிக்கில் பெயர் கேட்டால் போதும் என்று பழகிய காது எனக்கு, வேறெதையும் அது தேடவில்லை. அவரோ தன் கையைத் திரையில் பார்க்கப் பிடிக்காமல் வீடியோவைப் பார்ப்பதே இல்லை. திங்கட்கிழமையே அனுப்பிவிட்டேன்.

புதன்கிழமை முதல்வரம்மா கூப்பிட்டார். குரலில் சங்கடம் தெரிந்தது.

"கேக்குதா, கேக்குதான்னு கேக்கறாரு. அங்க ஒண்ணுமே கேக்கலம்மா. ரெண்டு பம்ப்பும் ஒரே மாதிரி சும்மா இருக்கு. கமிட்டில சிரிச்சுட்டாங்க. வேற இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்க, இல்லன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக வீடியோவைப் போட்டுப் பார்த்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, ஆறு தடவை. திரையில் அவரே ஸ்க்ரூடிரைவரை வைத்து, "இதோ, கிர்ர்னு உரசுது பாருங்க, இதான் பேரிங்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போனைக் காதோடு வைத்து அழுத்தினார். முகத்தில் ஈயாடவில்லை.

"உனக்குக் கேக்குதா?"

"எனக்கு எப்பங்க அதெல்லாம் கேட்டிருக்கு?"

எழுந்து போய்க் கெட்ட பம்ப்பை ஓடவிட்டு ஸ்க்ரூடிரைவரை வைத்தார். அவர் கை நடுங்கிய நடுக்கத்தில் கைப்பிடி எலும்பில் நிற்கவே இல்லை. பயந்துபோன மனுஷனின் காதில் என்ன விழும்? சுவிட்சை அணைத்தார்.

"இரைச்சல் மட்டும்தான் இருக்கு. அன்னிக்கு கேட்டதும் நெசமாக் கேட்டது இல்ல போல. பழக்கத்துல மனசுக்குள்ள கேட்டிருக்கு" என்றார். ஸ்க்ரூடிரைவரை மேசைமேல் போட்டுவிட்டு, "காதும் போச்சு. இனிமே என்னை என்னன்னு கூப்பிடுவாங்க?" என்றார்.

வியாழக்கிழமை முழுவதும் அவர் சாப்பிடவில்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன், தட்டை நங்கென்று வைத்தேன். இன்னொரு தடவை எடுக்கலாம் என்றதற்கு, "இல்லாத சத்தத்தை எங்கேருந்து எடுப்பே?" என்று மட்டும் கேட்டார். விரல்கள் போனபோதுகூட அவர் அப்படி உட்கார்ந்ததில்லை. அந்த மனுஷனை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகப் பயமாக இருந்தது. சமையலறைக் கத்தியைக்கூடத் துணியில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டுத்தான் வெள்ளிக்கிழமை காலை கிளம்பினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கிளினிக்கில் பத்து மணிக்குக் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. கமிட்டிக்காரர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று ஆத்திரம் தீரவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த வீடியோவைப் போட்டேன். நடுவில் ஓர் இடத்தில் அவர் பேச்சை நிறுத்தி, முகத்தைச் சுளித்து, மேலே கூரையைப் பார்த்தார். "ஒரு நிமிஷம்" என்றார். பிறகு சும்மா நின்றார்.

எதற்கு நின்றார்? துளை போட்டார்களே! என் பல்லெல்லாம் கூசியதே! நான் மாடிக்கு ஓடி ஊரைக் கூட்டினேனே! அந்தச் சத்தம் எங்கே?

இரண்டு தடவை திருப்பிப் போட்டேன். சுவரையே பிளந்த சத்தம் வீடியோவில் இல்லை. இடி விழுந்தாலும் கேக்காது என்று கடைக்காரர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேச்சைத் தவிர மற்றதெல்லாம் குப்பை என்று அந்தப் பச்சை விளக்கு நினைத்துக்கொண்டது. மோட்டார் சத்தமும் அதற்குக் குப்பைதான். பொத்தானை அழுத்தி, அளவை முழுசாக ஏற்றியது என் கை. மூன்று நாளாய் என் புருஷனைச் செவிடாக்கி உட்கார வைத்தது நான்தான்.

"எனக்கு உடம்பு சரியில்ல" என்று டாக்டரிடமே சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்ததும், காதில் மாட்டும் பக்கம் உடைந்துபோய்க் கழிவுப் பெட்டியில் கிடந்த பழையது ஒன்று ஞாபகம் வந்தது. கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கென்று அப்போது எனக்கே தெளிவாகத் தெரியாது. இவரும் ஸ்க்ரூடிரைவரை அப்படித்தானே வைக்கிறார் என்று ஒரு எண்ணம், அவ்வளவுதான்.

வீட்டுக்குள் நுழையும்போது மணி பத்தே முக்கால். அவர் அதே நாற்காலியில் இருந்தார்.

"உங்க காது போகலங்க. மைக்குதான் தின்னுடுச்சு" என்றேன்.

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். வாயால் சொல்லிப் பயனில்லை என்று, துளை போட்ட இடத்தைப் போட்டுக் காட்டினேன். வீடியோவில் தன் முகம் சுளிவதைப் பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். மறுபடி வீடியோவைப் பார்த்தார்.

"அன்னிக்கு என் மண்டையே அதிர்ந்துச்சே" என்றார் மெதுவாக.

"அதான் சொல்றேன்."

பச்சை விளக்கை அணைத்து ஒரு நிமிஷம் எடுத்துப் பார்த்தோம். இப்போது தெருவில் போன வண்டி, குழாய்ச் சொட்டு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் வந்தன, பம்ப்பின் பொதுவான 'உம்ம்' வந்தது. பேரிங்கின் உரசல் மட்டும் அந்தக் கும்பலில் தொலைந்துபோனது. நான் போனை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவரோ பல நாள் கழித்து முதல் தடவையாக என்மேல் எரிந்து விழுந்தார்.

"மைக்கைக் கொண்டுவந்து என் சட்டையில எதுக்கு மாட்டறே? பேச வேண்டியது நானா, மோட்டாரா?"

பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து நீட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தார். காதில் மாட்டும் இரும்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பெட்டியில் சும்மா இருந்த இரண்டாவது மைக்கின் தலையை அந்த ரப்பர்க் குழாய்க்குள் இரண்டு விரலால் திணிக்கப் பார்த்தார். முடியவில்லை. நான் உதவப் போனேன், "விடு" என்றார். பல்லால் குழாயைப் பிடித்துக்கொண்டு இடது கையால் திணித்து முடித்தார். குழாய் வாயின் இடுக்கில் நான் டேப் சுற்றினேன். வட்டத் தகட்டைக் கெட்ட பம்ப்பின் பின்பக்கத்தில் வைத்து ஓடவிட்டோம். குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன், ஜன்னலைச் சாத்தினேன், சுவர் எதிரொலிக்காமல் இருக்கப் போர்வைகளைக் கொடியில் தொங்கவிட்டேன். அரை நிமிஷம் எடுத்தோம்.

ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். இது கேட்கவில்லை என்றால் நிஜமாகவே காது போய்விட்டது என்று அர்த்தம், அப்புறம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அவர் கண்ணை மூடினார். நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டார்.

கிர்ர்... கிர்ர்... மணலை அரைப்பதுபோல். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கே கேட்டது.

"உனக்குக் கேக்குதா?" என்றார்.

தலையை மட்டும் ஆட்டினேன்.

பதினொன்றரைக்கு உண்மையான பதிவை ஆரம்பித்தோம். ஒரு மைக் அவர் சட்டையில், இன்னொன்று குழாய்க்குள். போனைப் பிடித்துக்கொண்டு நான் அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன். நல்ல பம்ப்பின்மேல் தகட்டை வைத்தார், கெட்டதன்மேல் வைத்தார். பழைய குரலில், பழைய திமிரோடு, "இது காயில் இல்ல, அவசரப்பட்டு அறுத்துடாதீங்க" என்று சொன்னார். மூன்று விரல் இல்லாத கையை மறைக்காமல் திரைக்கு நடுவில் வைத்துச் சொன்னார். என் உள்ளே ஏதோ அறுந்துபோனது. ஒரு கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டேன். போன் ஆடாமல் பார்த்துக்கொண்டேன். திருப்பிக் கேட்க நேரமில்லை. பன்னிரண்டுக்கு நான்கு நிமிஷம் இருக்கும்போது அனுப்பிவிட்டு அரிசி டப்பாவிலிருந்து கத்தியை எடுத்து வெங்காயம் நறுக்கினேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் நான் சாப்பிட வீட்டுக்கு வந்த நேரத்தில் முதல்வரம்மா கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"பேரிங் சத்தம் எல்லாருக்கும் தெளிவாக் கேட்டுச்சுங்க. ரெண்டு தடவை போடச் சொன்னாங்க. மூணு மாசம் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு இருக்காங்க, திங்கக்கிழமை வாங்க" என்றார். முதல்வரம்மா இன்னும் முடிக்கவில்லை. "ஒரு சந்தேகம். கடைசி ரெண்டு நிமிஷம் பின்னாடி விட்டுவிட்டு ஒரு சத்தம் வருது. அது எந்த மோட்டார்னு கமிட்டில கேக்கறாங்க."

என் முகம் சுருங்கிப்போனது. ஓடிப்போய் போனை அணைத்துவிடலாமா என்று பார்த்தேன். அவர் இடது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்த வீடியோவை அவர் தனியாக உட்கார்ந்து எத்தனை தடவை கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது.

"அது மோட்டார் இல்லம்மா, என் வீட்டுக்காரி" என்றார். "பதினோரு மாசமா பக்கத்துலயே ஓடிட்டு இருந்திருக்கு. எனக்குத்தான் கேக்கல."