கடைசிப் பாகம் இல்லாத நாவல்

ஏம்பலத்தில் தடித் தடியான பழைய நாவல்களை என்னளவுக்குப் படித்தவன் எவனும் கிடையாது. பொய். படித்தவள் என் மனைவி, நான் சுமந்தவன். எனக்குக் கையெழுத்தே கட்டைவிரல்தான். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

பிரெஞ்சுக்காரன் கிளம்பிப்போன புதிதில், சயரோகம் என்று அவளைப் படுக்கவைத்துவிட்டார்கள். மழைக்காலத்தைத் தாண்டினால் பார்க்கலாம் என்றார் டாக்டர். சின்ன வயதில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள், சும்மா கிடக்கமாட்டாமல் தனக்குத்தானே ஒரு பந்தயம் கட்டிக்கொண்டாள்.

"பாகூர் வாசகசாலையில இருக்கற பெரிய பெரிய பழய கதையெல்லாம் படிச்சி முடிக்கப்போறன் மாமா. எடுத்த கதைய பாதியில வுட்டுட்டு எங்கியும் போவ மாட்டன்."

அந்தப் பேச்சை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கதை நீண்டால் அவளும் இருப்பாள். கரும்புக் கட்டைத் தூக்கிப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு புத்தகத்தையும் தூக்கிப் பார்த்தே தேர்ந்தெடுத்தேன். ஒருமுறை இருந்ததிலேயே கனமானதைத் தோளில் வைத்துக்கொண்டு வீடுவரை நடந்தேன். பிரித்தவள் இருமி இருமிச் சிரித்தாள்.

"யோவ், இது பிரெஞ்சுய்யா! வெள்ளக்காரனே வுட்டுட்டு ஓடிட்டான், நீ தூக்கினு வர்ற."

ஆனால் அவள் படிக்கிற வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. உடம்பு இளைக்க இளைக்கப் பக்கங்கள் வேகமாகப் புரண்டன. கரும்பு வெட்டிவிட்டு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அவள் முகத்தை அல்ல, இன்னும் புரட்டாமல் இருக்கும் தாள்களைத்தான்.

ஐப்பசி மழை பிடித்த அன்று வாசகசாலைக்காரரிடம் போய் நின்றேன்.

"முடியாத கதையா ஒண்ணு குடு சார்."

"மூணு பாகத்துக் கதை ஒண்ணு கீது. கடைசிப் பாகம் காணாம பூடுச்சி. அத எவனும் எடுக்கறதில்ல."

"அதான் சார் வேணும்."

"படிக்கத் தெரியாதவனுக்கு முடிவு இருந்தா இன்னா, இல்லன்னா இன்னா!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அங்கேயே அழுதிருப்பேன்.

கார்த்திகையில் இரண்டாம் பாகம் முடிந்தது. "அடுத்தது எங்க மாமா?" என்றாள். குரல் வெறும் காற்றாக வந்தது.

"யாரோ எடுத்துனு போயிருக்காங்களாம். வந்துடுமாம்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொன்னால் என் காது ஆடும் என்பாள், ஆடியிருக்க வேண்டும்.

"சரி. அது வர்ற வரிக்கும் இருக்கறன்" என்றாள்.

அதன் பிறகு மழை விடவே இல்லை. ஒருநாள் காலையில் அவள் என் கையைப் பிடித்து...

"போதும்ப்பா" என்று மகள் பேனாவை மூடுகிறாள். "எழுந்து வா, சோறு ஆறுது. எப்பச் சொன்னாலும் அம்மா கதைய காது ஆடுனதோட நிறுத்திடுவ. இன்னிக்கி இன்னா, அதுக்கு மேல போற?"